சைக்கிளுக்குப் புள்ளி இல்லை

குவால்த்தியேரோவுக்கு ஒரே டப்பா போதும்.
சாம்பல் பச்சை. நாற்பது ஜெர்மானியர்களுக்கும்
ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சட்டை மாட்டிவிட்டு
திங்களன்று பஸ் ஓட்டப் போய்விட்டான்.

நான் நவம்பரில் தொடங்கினேன்.
இன்னும் பதினேழு பேர்தான் முடிந்திருக்கிறார்கள்.
ராணுவம் என்றால் ஒரு நிறம்.
அதை எதிர்த்து மலையேறியவர்கள் என்றால்
ஆளுக்கொரு கோட்டு:
அண்ணன் போட்டது, செத்தவன் விட்டது,
பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது,
எதிரியிடம் பறித்துச் சின்னத்தைப் பிய்த்தெறிந்தது.
பிய்த்த இடம் மட்டும் வெளுத்திருக்காது,
அதற்கென்று தனியாக ஒரு சொட்டு கலக்க வேண்டும்.

குனேயோ அருங்காட்சியகத்தில் ஒரு படம்.
பனியில் பதினொரு பேர்.
முகங்களை விட்டுவிட்டுக் காலணிகளைப் பார்த்தேன்.
ஒருவன் கால்பந்து பூட்ஸ் போட்டிருந்தான்.
அவனுக்காக உள்ளங்காலில் ஆறு குமிழ் வைத்தேன்,
பிறகு அடிக்கட்டையோடு ஒட்டிவிட்டேன்.
இனி அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

பொம்மையின் உயரம் இருபத்தெட்டு மில்லிமீட்டர்,
வேரோடு பிடுங்கிய கடைவாய்ப்பல்லைவிடச் சற்றே பெரிது.
எனக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை.
பகலில் மெழுகு செதுக்கும் கத்தியாலேயே
இரவில் தொப்பிக்கு இறகு செதுக்குகிறேன்.
டாக்டர் பெய்ரோனே
காணாமல் போன கம்பிச் சுருளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கம்பி சைக்கிளுக்கு.
கடையில் எட்டுப் பேர் அடங்கிய பொட்டலம் கிடைக்கும்.
எட்டுப் பேரும் ஆண்கள்.
எட்டுப் பேரும் சுட்டுக்கொண்டே ஓடுகிறார்கள்.
பசித்தவன், காவல் நின்று தூங்கிப்போனவன்,
செய்தி கொண்டுபோனவள்
எந்தப் பொட்டலத்திலும் இல்லை.
அதனால், பல் திருத்தும் கம்பியை வளைத்து
இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி.
ஓடுகிறவன் ஒருவனின் துப்பாக்கியை அரிந்தெடுத்து,
பசை பிசைந்து பாவாடை கட்டி,
மிதிக்கட்டையில் காலை ஏற்றி,
கூடையில் மூன்று முட்டைக்கோசு.
முட்டைக்கோசுக்கு அடியில் ஒன்றும் இல்லை.
ஆனாலும் ஏதோ கனப்பதுபோல்
கூடையைக் கொஞ்சம் சாய்த்தே ஒட்டினேன்.

செவ்வாய் இரவு, போச்சே கிளப்பின் மாடி.
குவால்த்தியேரோ விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.
இயந்திரத் துப்பாக்கிக்கு இத்தனை,
பனியில் நடந்தால் இத்தனை கழிவு,
கழுதைக்குக்கூட ஆறு புள்ளி.
“சைக்கிளுக்கு இல்லை, ஓர்னெல்லா.”
“அப்படியானால் இலவசமாகப் போகட்டும்.”

பாலத்தைத் தாண்டி மேசை விளிம்பை அவள் தொட வேண்டும்.
சாவடியில் ஒரு பகடை.
ஆறு விழுந்தால் கூடையைக் கொட்டிப் பார்ப்பார்கள்.
நாங்களே பேசி வைத்துக்கொண்டதுதான்.

ஆறு விழுந்தது.

கீழே யாரோ பந்து உருட்டும் சத்தம்.
அவன் அவளை மேசையிலிருந்து எடுத்தான்.
செத்தவர்களைப் பெட்டி மூடியில் படுக்க வைப்போம்.
ஓடிப்போனவர்களை ஓரத்தில் நிறுத்துவோம்.
பிடிபட்டவளை எங்கே வைப்பது என்று
புத்தகத்தில் ஒரு வரி இல்லை.
மூடிப் பக்கம் நீண்ட கை பாதியில் மடங்கியது.
மீதி ஆட்டம் முழுக்க இடக்கையால் ஆடினான்,
பகடையும் ஒயினும் அதே கையில்.
ஜெயித்ததும் அவன்தான்.

வீட்டில் பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினாறு.
கார் இருக்கைக்கு அடியில், கோட்டுப் பையில்,
கையுறையின் விரல்களுக்குள்ளும்.

மறுநாள் பத்தே கால்.
கையெல்லாம் பிளாஸ்டர் மாவு, தொலைபேசி.
பின்னால் எஞ்சின் உறுமல்.
“என் சட்டைப் பையில் இருக்கிறாள்.
சாவி எடுக்கப்போன விரலைக் குத்திவிட்டாள்.”
எங்கே இருக்கிறாய் என்றேன்.
“கராலியோ தாண்டி, த்ரோனேரோ பாலம் தாண்டி,
மேலே, கடைசி நிறுத்தத்தில்.
பனி கொட்டுகிறது. ஏறுவதற்கு ஆளே இல்லை.”

கொஞ்ச நேரம் வைப்பரின் சத்தம்.

“முட்டைக்கோசு ஒன்று உதிர்ந்துவிட்டது” என்றான்.
“அடியில் பார்த்தாயா?”
“இல்லை” என்றான். “நான் பார்க்கவில்லை.”